ஒரே ஒரு முதல் பதிப்புதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது?

கண்ணுக்கு அவ்வளவு சீக்கிரம் படாது. பின் அட்டையின் கீழ் வலது மூலையில் விரலை வைத்துத் தடவினால்தான் தெரியும். மிளகு ஒன்றை வைத்து அழுத்தி எடுத்தது போல ஒரு சின்னப் பள்ளம். ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தின் முதல் பதிப்பு என்று நம்பி 300 டாலர் கொடுத்து நான் வாங்கிய புத்தகத்தில் அது இருந்தது. வாங்கி இரண்டு வருஷம் கழித்து, இந்த விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்ட நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெருமையாக எடுத்துக் காட்டினேன். அவர் அட்டைப்படத்தைப் பார்க்கவே இல்லை. மேலுறையைக் கழற்றினார், புத்தகத்தைப் புரட்டிப் போட்டார், கட்டைவிரலால் மூலையை ஒரு தடவு தடவினார். "இது கிளப் காப்பி" என்றார். என் கையில் இருந்த காபி ஆறிப்போனது.

புக் ஆஃப் தி மன்த் கிளப் அந்தக் காலத்தில் தன் பிரதிகளில் வைத்த அடையாளம் அந்தப் பள்ளம். மாதம் ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து உறுப்பினர்களுக்குத் தபாலில் அனுப்பி வந்த நிறுவனம் அது. மில்லரின் நாடகத்தையும் எடுத்தது. நாடகம் ஒன்றை அவர்கள் எடுத்தது அதுதான் முதல் தடவை. அதனால் பதிப்பகமான வைகிங் பிரஸ் பெயரும் 1949 என்ற வருஷமும் போட்ட, ஆனால் முதல் பதிப்பு ஆகாத கிளப் பிரதிகள் அமெரிக்கா முழுக்க வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. மேலுறையின் உள்மடிப்பில் விலை மட்டும் இருக்காது. என் பிரதியில் அந்த மூலையே கத்தரிக்கப்பட்டிருந்தது. யாரோ பரிசாகக் கொடுக்கும்போது விலையை வெட்டியிருப்பார்கள் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். விற்றவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. 'வைகிங், 1949' என்றுதான் எழுதியிருந்தார். அதை முதல் பதிப்பு என்று படித்துக்கொண்டது நான்.

இந்தக் கதையை ஆபீசில் பல தடவை சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன மாதம் வந்தார். "அண்ணா, எனக்கு ஒன்றே ஒன்று போதும். அமெரிக்கக் குடும்ப நாடகம், நிஜமான முதல் பதிப்பு, மேலுறையோடு. 600 டாலர் வைத்திருக்கிறேன். உங்களுக்கு நடந்தது எனக்கு நடக்கக் கூடாது" என்றார். நான்கு பெயர்களை எழுதியும் கொண்டு வந்திருந்தார். மில்லரின் 'சேல்ஸ்மேன்', டென்னசி வில்லியம்ஸின் 'தி கிளாஸ் மெனாஜரி', லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்', யூஜின் ஓ'நீலின் 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்'. நல்ல பட்டியல். நான்கிலும் ஒரு வீடு, அந்த வீட்டை விட்டு ஓட நினைக்கும் ஒரு மகன், பணம் பற்றிய ஒரு சண்டை.

நாவலின் முதல் பதிப்பு என்றால் அந்தக் கதை வெளியுலகத்தைப் பார்த்த முதல் நாள். நாடகத்துக்கு அப்படியில்லை. பெரும்பாலும் அது முதலில் மேடையேறி, இயக்குநர் சொல்லி வரிகள் வெட்டப்பட்டு, விமர்சனம் வாங்கி, அப்புறம்தான் அச்சுக்குப் போகிறது. புத்தகம் என்பது நடந்து முடிந்த ஒன்றின் பதிவு. அதனால் விலையைக் கேட்பதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன்: மேடை விட்டுவிட்ட எதையாவது இந்தப் புத்தகம் காப்பாற்றி வைத்திருக்கிறதா, அல்லது மேடைக்காக எதையாவது இழந்திருக்கிறதா? இந்தக் கேள்விக்கு நான்கு புத்தகங்களும் நான்கு விதமாகப் பதில் சொல்கின்றன.

'சேல்ஸ்மேன்' பற்றி முதலில். 1949 பிப்ரவரி 10-ஆம் தேதி நியூயார்க் மொரோஸ்கோ அரங்கில் எலியா கஸான் இயக்கத்தில் மேடையேறியது. கதாநாயகன் வில்லி லோமனாக லீ ஜே. காப். 742 காட்சிகள் ஓடியது, புலிட்சர் பரிசு வாங்கியது. கனெக்டிகட்டில் ராக்ஸ்பரி என்ற ஊரில் தன் கையாலேயே கட்டிய ஒரு சின்ன மரக் கொட்டகையில் உட்கார்ந்து மில்லர் எழுதிய நாடகம் இது. முதலில் அவர் வைத்திருந்த பெயர் 'தி இன்சைட் ஆஃப் ஹிஸ் ஹெட்'. புத்தகம் அதே வருஷம் வந்துவிட்டது. இதன் மேலுறையில் ஜோசப் ஹிர்ஷ் வரைந்த படம் இருக்கிறது: இரண்டு கனமான பெட்டிகளோடு முதுகைக் காட்டி நிற்கும் ஒரு மனிதன், தோள்பட்டை தொங்கிப்போயிருக்கும். வில்லி லோமன் என்றதும் பலர் மனதில் வருவது எந்த நடிகரின் முகமும் இல்லை, இந்த முதுகுதான். ஆகவே இந்த நூலைப் பொறுத்தவரை மேலுறை என்பது பாதிப் புத்தகம். அது இல்லாத முதல் அச்சுப் பிரதி சுமார் நூறு டாலருக்குக்கூடக் கிடைக்கும். நல்ல மேலுறையோடு என்றால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. மில்லர் கையெழுத்து போட்டிருந்தால் அதற்கும் மேலே பல மடங்கு. அவர் நீண்ட ஆயுள் வாழ்ந்து, நிறைய கையெழுத்து போட்டவர். 2005-ல் இறந்தார், அதுவும் பிப்ரவரி 10-ஆம் தேதி. நாடகம் மேடையேறி சரியாக 56 வருஷம்.

600 டாலருக்கு 'சேல்ஸ்மேன்' கிடைக்குமா என்றால், கிடைக்கும். ஆனால் களைத்துப்போன மேலுறையோடு கிடைக்கும். புத்தக முதுகின் மேல்முனையில் கிழிந்து, உள்ளே யாரோ செல்லோடேப் ஒட்டி, அந்த டேப் பழுப்பாகி, கறை வெளியே தெரிய ஆரம்பித்த பிரதிகள். கிழிசலை நான் மன்னிப்பேன், டேப்பை மன்னிக்க மாட்டேன். கிழிசல் அப்படியே நிற்கும், டேப்பின் பசை வருஷத்துக்கு வருஷம் காகிதத்துக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இன்னும் இரண்டு வழிகள் உண்டு. அதே 1949-ல் லண்டனில் கிரெசெட் பிரஸ் போட்ட பிரிட்டிஷ் முதல் பதிப்பு ஒன்று. விலை குறைவு, ஆனால் அமெரிக்க நாடகத்துக்கு லண்டன் பதிப்பு வாங்குவது மணமகள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் மாப்பிள்ளை வீட்டு வரவேற்புக்கு மட்டும் போவது மாதிரி. மற்றது, லிமிடெட் எடிஷன்ஸ் கிளப் 1984-ல் லியனார்ட் பாஸ்கினின் ஓவியங்களோடு போட்ட 1500 பிரதிகள். மில்லரும் பாஸ்கினும் கையெழுத்து போட்டவை. அழகான புத்தகம். கையெழுத்துள்ள முதல் பதிப்போடு ஒப்பிட்டால் விலையும் மலிவு. தம்பிக்கு இதில் கொஞ்சம் ஆசை வந்தது. நான்தான் தடுத்தேன். சேகரிப்பவர்களுக்காகவே தயாரான புத்தகம் அது. வெளியான நாளிலிருந்தே பத்திரமாகப் பெட்டிக்குள் இருந்திருக்கும். 1949-ல் நாடகம் பார்த்துவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போன யாரும் அதைக் கையில் வைத்திருக்கவில்லை.

மேடை விட்டதை 'சேல்ஸ்மேன்' புத்தகம் காப்பாற்றியதா என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. மேடையில் பார்த்ததுதான் புத்தகத்திலும் இருக்கிறது.

'மெனாஜரி'யின் கதை வேறு. 1944 டிசம்பர் 26-ல் சிகாகோவில் தொடங்கி, முதலில் கூட்டம் வராமல், உள்ளூர் விமர்சகர்கள் விடாமல் எழுதியதால் பிழைத்து, 1945 மார்ச் 31-ல் நியூயார்க் வந்த நாடகம். அம்மா அமாண்டாவாக லாரெட் டெய்லர். ரேண்டம் ஹவுஸ் பதிப்பகம் 1945-லேயே புத்தகமாகப் போட்டது. வில்லியம்ஸ் எழுதும்போது மேடையில் ஒரு திரை வைத்து, காட்சிக்குக் காட்சி அதில் வாசகங்களும் படங்களும் விழ வேண்டும் என்று நினைத்திருந்தார். நியூயார்க் மேடையேற்றத்தில் அதைத் தூக்கிவிட்டார்கள். ஆனால் புத்தகத்தில் அவர் அதை விடவில்லை. முன்னால் ஒரு குறிப்பு எழுதி, திரையில் வரவேண்டிய வாசகங்களை அந்தந்த இடத்தில் அச்சிட்டார். பின்னால் நாடகக் குழுக்களுக்காக வந்த நடிப்புப் பதிப்பில் அந்தத் திரை இல்லை. ஆக 1945 புத்தகத்தைத் திறந்தால், அந்தப் பார்வையாளர்கள் பார்க்காத ஒரு நாடகம் உள்ளே இருக்கிறது. என் கேள்விக்குக் கிடைத்த நல்ல பதில்களில் இது ஒன்று.

குடும்ப நாடகம் என்பதற்கும் இதைவிடப் பொருத்தம் வேண்டாம். நாடகத்தில் வரும் மகள் லாராவுக்குப் பின்னால் இருப்பவர் வில்லியம்ஸின் அக்கா ரோஸ். 1943-ல் அவருக்கு மூளையில் அறுவை செய்துவிட்டார்கள். அமாண்டாவுக்குப் பின்னால் இருப்பவர் அம்மா எட்வினா. நாடகத்தின் வருமானத்தில் பாதியை வில்லியம்ஸ் அம்மா பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்.

சிக்கல் காகிதத்தில். போர்க்காலக் கட்டுப்பாட்டில் காகிதம் அளந்து கிடைத்த வருஷங்கள் அவை. அந்தக் காலத்துப் புத்தகங்கள் பலவற்றின் பக்கங்கள் ஓரத்தில் டீத்தூள் நிறத்துக்கு வந்துவிட்டன. மேலுறையும் மெல்லியது, எளிதில் நொறுங்குகிறது. நல்ல நிலையில் உள்ள பிரதிகளின் விலை தம்பியின் பட்ஜெட்டை எட்டிப் பிடித்துத் தாண்டியும் விடுகிறது. அச்சு அடையாளம் மட்டும் சுலபம். ரேண்டம் ஹவுஸ் அந்தக் காலத்தில் பதிப்பு விவரப் பக்கத்தில் 'ஃபர்ஸ்ட் பிரிண்டிங்' என்று நேராகவே அச்சிட்டுவிடும். அந்த இரண்டு சொல் இல்லாவிட்டால் பேரம் பேச வேண்டாம், வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

வில்லியம்ஸின் 'கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்' பட்டியலில் இல்லை. நான்தான் பேச்சோடு பேச்சாகச் சேர்த்தேன். 1955-ல் நியூ டைரக்‌ஷன்ஸ் போட்ட அந்தப் புத்தகத்தில் மூன்றாம் அங்கம் இரண்டு தடவை வருகிறது. வில்லியம்ஸ் முதலில் எழுதியது ஒன்று, இயக்குநர் கஸான் கேட்டதற்காக மாற்றி, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயில் போட்டது ஒன்று. எழுத்தாளரும் இயக்குநரும் போட்ட சண்டையை இரண்டு அட்டைக்குள் வைத்து விற்ற மாதிரி. தம்பிக்கு அந்த நாடகமே பிடிக்கவில்லை. சரி, விட்டுவிட்டோம்.

'ரெய்சின்' விஷயத்தில் எனக்கும் தம்பிக்கும் கொஞ்சம் வாக்குவாதமே நடந்தது. 1959 மார்ச் 11-ல் எத்தல் பேரிமோர் அரங்கில் மேடையேறியது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதி பிராட்வே ஏறிய முதல் நாடகம். லாய்ட் ரிச்சர்ட்ஸ் இயக்கம், சிட்னி புவாட்டியே, கிளாடியா மெக்நீல், ரூபி டீ நடிப்பு, 530 காட்சிகள். அப்பா இறந்து வரும் 10,000 டாலர் இன்சூரன்ஸ் பணம், அதைச் சுற்றி ஒரு வீடு முழுக்கச் சண்டை. 3,500 டாலரை முன்பணமாகக் கட்டி, வெள்ளைக்காரர்கள் வாழும் பகுதியில் அம்மா ஒரு வீடு வாங்குகிறார். மிச்சம் 6,500-ஐ மகனை நம்பிக் கொடுக்க, அதை அவன் கூட்டாளியிடம் கொடுத்து ஏமாறுகிறான். ஹான்ஸ்பெரி இதைக் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. அவருடைய அப்பா கார்ல் ஹான்ஸ்பெரி சிகாகோவில் அப்படி ஒரு வீட்டை வாங்கி, அக்கம்பக்கத்தார் கோர்ட்டுக்கு இழுக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1940-ல் தீர்ப்பானது.

இந்த நான்கில் வருங்காலத்தில் மதிப்பு ஏறும் புத்தகம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். காரணம் எளிது. அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாகப் படிக்கப்படும் நாடகம் இது, நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் தேடி வாங்குகின்றன. ஹான்ஸ்பெரி 1965 ஜனவரியில், 34 வயதில், புற்றுநோயில் போய்விட்டார். புத்தகம் வந்ததற்கும் அவர் இறந்ததற்கும் இடையில் ஆறு வருஷம்கூட இல்லை. கையெழுத்துள்ள பிரதிகள் அபூர்வம், போலிகள் இருக்கும் என்று பயப்படவும் வேண்டும். கையெழுத்து இல்லாத நல்ல பிரதிக்கே ஆயிரத்தை ஒட்டிக் கேட்கிறார்கள். இதற்கும் கிளப் பிரதிகள் உண்டு. ரேண்டம் ஹவுஸ் பெயரோடு, பார்க்க அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும். உள்மடிப்பில் விலை இருக்காது.

ஆனால் 1959 ரேண்டம் ஹவுஸ் புத்தகம் மேடையேறிய வடிவத்தை ஒட்டியது. நேரம் கருதி மேடையில் வெட்டியவை அதில் இல்லை. அக்கம்பக்கத்து மிஸஸ் ஜான்சன் வந்து பயமுறுத்திவிட்டுப் போகும் காட்சி இல்லை. அந்த வீட்டு மகள் பெனீத்தா தலைமுடியை இயற்கையாக விட்டுக்கொண்டு வந்து நிற்கும் இடம் இல்லை. சிறுவன் டிராவிஸ் தெருவில் எலி அடித்த கதையைச் சொல்லும் இடம் இல்லை. இவையெல்லாம் பல வருஷம் கழித்து வந்த பதிப்புகளில்தான் திரும்பச் சேர்ந்தன. "அப்படியென்றால் முதல் பதிப்பு முழுமை இல்லையா அண்ணா?" என்று தம்பி கேட்டார். இல்லை. படிக்க வேண்டும் என்றால் கடையில் கிடைக்கும் இன்றைய பேப்பர்பேக்தான் முழுமை. "அதுக்குத்தான் முதல் பதிப்பு. வெட்டியது வெட்டினபடி இருக்கே, அதுதானே அந்த வருஷம்?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் பெனீத்தாவின் தலைமுடி இல்லாத புத்தகத்துக்கு ஆயிரம் டாலர் என்பது எனக்கு உறுத்துகிறது.

இனி ஓ'நீல். இதை எழுத உட்கார்ந்ததே இவருக்காகத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

1912-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள். காலை உணவு முடிந்ததிலிருந்து நடுராத்திரி வரை. கனெக்டிகட்டின் நியூ லண்டனில் ஒரு கோடைக்கால வீடு. அப்பா ஒரே வேடத்தை ஊர் ஊராகப் போட்டுப் பணம் சேர்த்த நடிகர், கஞ்சன். அம்மா மார்ஃபின் ஊசிக்கு அடிமை. மூத்தவன் குடிகாரன், இளையவனுக்குக் காசநோய். அத்தனையும் ஓ'நீலின் சொந்த வீடு. அவருடைய அப்பா ஜேம்ஸ் ஓ'நீல் மான்டி கிறிஸ்டோ பிரபுவாக ஆயிரக்கணக்கான தடவை நடித்தவர். நாடகத்தில் ஒரே ஒரு பெயர் மாற்றம் என்னைத் தொந்தரவு செய்யும். நிஜத்தில் குழந்தையிலேயே இறந்த அண்ணனின் பெயர் எட்மண்ட். நாடகத்தில் உயிரோடு இருக்கும் இளைய மகனுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டு, இறந்த குழந்தைக்கு யூஜின் என்று தன் பெயரை வைத்துவிட்டார்.

எழுதி முடித்தது 1941-ல். அந்த ஜூலை 22-ஆம் தேதி, பன்னிரண்டாவது திருமண நாளுக்கு, கையெழுத்துப் பிரதியை மனைவி கார்லோட்டாவுக்குப் பரிசாகக் கொடுத்தார். 1945-ல் ஒரு பிரதியை அரக்கு முத்திரை வைத்து ரேண்டம் ஹவுஸிடம் ஒப்படைத்தார். நான் இறந்து 25 வருஷம் கழித்துத்தான் அச்சிட வேண்டும், மேடையேற்றவே கூடாது என்பது நிபந்தனை. 1953 நவம்பரில் பாஸ்டனில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்தார். கணக்குப்படி 1978 வரை யாரும் தொட்டிருக்கக் கூடாது.

கார்லோட்டா காத்திருக்கவில்லை. வெளியிடுங்கள் என்று ரேண்டம் ஹவுஸைக் கேட்டார். அதன் தலைவர் பென்னட் செர்ஃப், இறந்தவருக்குக் கொடுத்த வாக்கை மீற மாட்டோம் என்று மறுத்தார். சட்டப்படி உரிமை மனைவியிடம் இருந்தது. அவர் அதை யேல் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார். யேல் 1956 பிப்ரவரியில் புத்தகமாகப் போட்டுவிட்டது. அதே மாதம் ஸ்டாக்ஹோமில் ஸ்வீடிஷ் மொழியில் மேடையேறியது. நியூயார்க்கில் ஹோசே கின்டெரோ இயக்கத்தில் ஃப்ரெட்ரிக் மார்ச்சும் ஜேசன் ரோபார்ட்ஸும் நடித்து மேடையேறியது நவம்பர் 7-ல். மறுவருஷம் புலிட்சர், இறந்தவருக்கு நான்காவது.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். ஆங்கிலத்தில் இந்த நாடகத்தை உலகம் முதலில் சந்தித்தது புத்தகத்தில்தான். எந்த நடிகரும் அந்த வரிகளை பிராட்வே மேடையில் பேசுவதற்கு எட்டு ஒன்பது மாதம் முன்பே அது வாசகர் கையில் இருந்தது. மேடைக்காக வெட்டாத, இயக்குநர் திருத்தாத, விமர்சகர் சொல்லி மாற்றாத வடிவம். முதல் பதிப்பு என்ற சொல்லுக்கு நாவலில் என்ன பொருளோ, அந்தப் பொருளோடு நிற்பது நான்கில் இது ஒன்றுதான். போதாததற்கு, அந்தப் புத்தகம் வெளிவந்த விதமே ஒரு குடும்பச் சண்டை. கணவரின் கடைசி ஆசையை மனைவி மீறியதால்தான் அது இருக்கிறது. கார்லோட்டா செய்தது சரியா தவறா என்று இன்றைக்கும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ஆனால் 1978 வரை காத்திருந்தால் நமக்கு வேறு ஏதோ கிடைத்திருக்கும், இது கிடைத்திருக்காது.

இவ்வளவு இருந்தும் விலை குறைவு. நான் பார்த்த பட்டியல்களில் மேலுறையோடு நல்ல பிரதி சில நூறு டாலர்தான். நோபல் பரிசு பெற்றவரின் வெளிவராத நாடகம் என்பதால் முதல் நாளிலிருந்தே விற்றது. யேல் பதிப்பகத்தின் மிக அதிகம் விற்ற நூல்களில் ஒன்றாகவும் ஆனது. வாங்கியவர்களும் பத்திரமாக வைத்தார்கள். அபூர்வம் இல்லை, அதனால் மலிவு. முதலீடு என்று பார்ப்பவர்களுக்கு இது குறை. தம்பிக்கு இது வரம். கவனிக்க வேண்டியது பின்னச்சுகளை. அடுத்தடுத்து அச்சிட வேண்டியிருந்ததால், 1956 என்று போட்டதெல்லாம் முதல் அச்சு ஆகிவிடாது. பதிப்பு விவரப் பக்கத்தில் இரண்டாம் அச்சு, மூன்றாம் அச்சு என்று மாதத்தோடு குறித்திருக்கும். அப்படி எந்தக் குறிப்பும் இல்லாததுதான் வேண்டும்.

ஒரு வேடிக்கை. இணையத்தில் தேடும்போது, 'லாங் டேஸ் ஜர்னி முதல் பதிப்பு, ஆசிரியர் கையெழுத்துடன்' என்று ஒருவர் போட்டிருந்தார். விலை நான்கு இலக்கத்தில். தம்பி உற்சாகமாக எனக்கு அனுப்பினார். ஓ'நீல் இறந்தது 1953, புத்தகம் வந்தது 1956. பேய் வந்துதான் போட்டிருக்க வேண்டும். அதற்கு முன்னாலும் பல வருஷமாகக் கை நடுங்கும் நோயால் அவர் பேனாவே பிடிக்க முடியாமல் இருந்தார். ரோபார்ட்ஸோ கின்டெரோவோ கையெழுத்து போட்ட பிரதி என்றால் நம்பலாம், வாங்கவும் செய்யலாம்.

எதை வாங்கினாலும் பொதுவாக ஒன்று. படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்ப வேண்டாம். பதிப்பு விவரப் பக்கம், உள்மடிப்பின் விலை மூலை, மேலுறை இல்லாத பின் அட்டை, இந்த மூன்றின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். மேலுறை இன்றைய கலர் நகலா என்று நேராகக் கேளுங்கள். நல்ல வியாபாரி அதை மறைக்க மாட்டார், மற்றவர்கள் கேட்டால்தான் சொல்வார்கள். முதல் அச்சுப் புத்தகத்துக்குப் பின்னச்சின் மேலுறையைப் போட்டு 'கல்யாணம்' செய்து வைப்பதும் நடக்கிறது. பின் மடிப்பிலும் பின்பக்கத்திலும் புத்தகம் வந்த பிறகு எழுதப்பட்ட விமர்சன வரிகளோ, பிறகு வாங்கிய பரிசின் பெயரோ இருந்தால் சந்தேகப்படுங்கள். முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். நியூயார்க் பார்க் அவென்யூ ஆர்மரியில் வசந்தகாலத்தில் நடக்கும் பழம்புத்தகக் கண்காட்சியில் பத்துப் பிரதிகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் பத்து வருஷ அனுபவம் ஒரே நாளில் வந்துவிடும். வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

தம்பி ஓ'நீலையே வாங்கினார். 240 டாலர். மிச்சப் பணத்தில் மேலுறையைப் பாதுகாக்கும் மைலார் பிளாஸ்டிக் உறை ஒரு கட்டும், 'ரெய்சின்' பேப்பர்பேக் ஒன்றும். புத்தகம் வந்த அன்று மதியம் என் மேசைக்கே எடுத்து வந்துவிட்டார். மேலுறையின் முதுகு கொஞ்சம் வெளிறியிருந்தது, விலை மூலை முழுசாக இருந்தது, பின்னச்சுக் குறிப்பு எதுவும் இல்லை. பின் அட்டையின் மூலையை இருவரும் ஆளுக்கு ஒரு தடவை தடவிப் பார்த்தோம். வழவழப்பாக இருந்தது.

விலை அவ்வளவு குறைந்ததற்குக் காரணம் முன் அட்டையின் உள்பக்கத்தில் இருந்தது. யாரோ பென்சிலில் இரண்டு எழுத்துச் சுருக்கப் பெயரும், கீழே 'நவம்பர் 1956' என்றும் எழுதியிருந்தார்கள். நாடகம் பிராட்வேக்கு வந்த மாதம். பார்த்துவிட்டு வந்து வாங்கினாரா, படித்துவிட்டுப் பார்க்கப் போனாரா, தெரியவில்லை. "நல்ல ரப்பர் இருக்கு அண்ணா, லேசா அழிச்சா போயிடும். அழிச்சிடட்டுமா?" என்று தம்பி கேட்டார்.

"ரப்பரை எடுத்து உள்ளே வைங்க தம்பி" என்றேன்.